பதினோராம் தூணில் இருக்க வேண்டிய வாய்

அந்த அழைப்பு வந்தபோது அப்பா களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை ஈரமாக இருந்ததால் கைபேசியைக் கீழே வைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நான்தான் போட்டேன்.

"அண்ணா, சேலத்துலேருந்து சாந்தி பேசறங்க. பிலோமினா அக்காகூட லேப்ல வேலை செய்யறவ. அக்கா மத்தியானம் தவறிட்டாங்க. அஞ்சு நாளா காய்ச்சலுங்க. வூட்டுக்குச் சொல்றன்னு சொன்னா வேணாம் வேணாம்னுட்டாங்க. நேத்துதான் நாங்களே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

அப்பா "சரிங்க" என்றார். கையில் இருந்த களி உருண்டையை வாய்க்கும் கொண்டுபோகவில்லை, தட்டிலும் வைக்கவில்லை. அது காய்ந்து கையில் ஒட்டிக்கொள்ளும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கைபேசியை அணைத்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இனிமேல் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற பயம்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, லேபில் கூட வேலை செய்தவர்கள் ஒரு சின்னப் புத்தகம் அச்சிடுகிறார்கள். குடும்பத்திலிருந்து ஒரு பக்கம் எழுதித் தரும்படி சாந்தி அக்கா கேட்டார்கள். "எங்க வூட்ல எழுத ஒண்ணும் இல்லம்மா" என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அத்தையின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது ஏழு மாதமாக இருக்கிற சட்டம். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். பக்கத்தில் அக்கா படுத்திருக்கிறாள்.

அத்தையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தார். பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தினமும் காலை ரயிலில் சேலம் போய், ராத்திரி ரயிலில் திரும்புவார். பல் செட் செய்கிற லேபில் இருபது வருடம் வேலை செய்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நாள் முச்சூடும் அடுத்தவங்க வாயையே பாக்கறன். வூட்டுக்கு வந்தும் ஒருத்தர் வாயப் பாத்துட்டு நிக்கணுமா?" என்பார்.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சிரித்தால் அத்தை உற்றுப் பார்ப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். "அத்தே, அப்பிடிப் பாக்காதீங்க" என்று கையைக் கிள்ளுவேன். "மேல வரிசை என்னுது பாப்பா. நான் செஞ்ச பல்லு எனக்குத் தெரியாதா?" என்பார். ஒருமுறை கருப்பூர் தாண்டியதும் ஒரு பெரியவர் முறுக்கு கடிப்பதைப் பார்த்து, "ஐயா, இடது பக்கமா கடிங்க. வலது பக்கம் கம்பி வலுவு பத்தாது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெரியவர் சேலம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களின் பல்லைப் பற்றிச் சொல்லாமல் அத்தையைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் ஊர் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்பாகக் கோடு விழுந்திருக்கும். சிலருக்கு மஞ்சள், சிலருக்குச் சாக்லேட் நிறம், சிலருக்குச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு. இப்போது ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது. ஆனால் வந்த கறை போகாது. தேய்த்தாலும் போகாது. எனக்கும் இருக்கிறது. பள்ளியில் என்னைப் பாக்குத்தூள் என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்புப் புகைப்படம் எதிலும் நான் சிரித்ததில்லை.

என் அக்கா ரோஸ்லினுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது அத்தைதான் அவளுக்கு முன்பல் நான்குக்கும் மேலே மாட்டுகிற கேப் செய்து கொடுத்தார். சேலத்தில் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப் போய் அச்சு எடுத்தார்கள். லேபில் ஒரு நிறப்பட்டை உண்டு. அதில் பதினாறு பல் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை. வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து எது பொருந்துகிறதோ அந்த நிறத்தில் பல் செய்ய வேண்டும். அக்காவின் வாய்க்கு நேரே பிடித்தபோது பதினாறில் ஒன்றும் பொருந்தவில்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அத்தை சொன்னார். "பதினாறு கலர் வெச்சிருக்கான். எங்க ஊரு கலர் ஒண்ணுகூட இல்ல பாப்பா. நாமெல்லாம் பல்லே இல்லாதவங்க மாதிரி."

அக்காவுக்கு வெள்ளைக் கேப் போட்டாயிற்று. அவள் கண்ணாடி முன்னால் நின்று ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். இடது பக்கம் அவளுக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. அதை மட்டும் அத்தை தொடவில்லை. "அது அழகு. அது இருக்கட்டும்" என்றார். ஆனால் அக்காவின் பழைய பல் அச்சை அத்தை தூக்கிப் போடவில்லை. அந்த பிளாஸ்டர் பல்லின் மேல் மெல்லிய தூரிகையால் பழுப்புக் கோடுகளை அப்படியே தீட்டினார். எங்கள் ஊர் நிறத்தை அவர் முதன்முதலாகத் தீட்டியது அதில்தான். தீட்டி முடித்ததும் ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, "இது வெளிய வராது. இது உங்கக்கா ரகசியம்" என்று என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பதினாறு வாய்கள்.

எங்கள் ராகிக் கொல்லையின் ஓரத்தில், வண்டிப் பாதையை ஒட்டி வரிசையாகக் கல்தூண்கள் நட்டிருக்கிறோம். கம்பி வேலிக்கு நட்டது. அதில் பதினாறு தூணின் உச்சியில் பதினாறு பேருடைய வாயைச் சிமெண்டில் செய்து வைக்க வேண்டும் என்று அத்தை சொன்னார். மூக்கிலிருந்து தாடை வரைக்கும். களி வாங்கத் திறந்த மாதிரி வாய் திறந்திருக்கும். பல் அவரவர் பல், அவரவர் நிறம். வாய்க்குள் இந்தக் கொல்லை மண்ணைப் போட்டு ராகி விதைக்க வேண்டும். வாயிலிருந்து பயிர் வளர வேண்டும்.

"இது என்னாத்துக்கு?" என்று அப்பா கேட்டார்.

"நாம இந்த நெலத்தத் தின்னு, இந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தோம் ண்ணா. அது நம்ம வாய்க்குள்ள எழுதி வெச்சிருக்குது. நாம அத மூடிக்கினு திரியறோம். ஒருக்கா தொறந்து காட்டலாமே."

அப்பா சிரித்தார். "காக்கா ஓட்ட ஆள் இல்ல. வாயத் தொறந்துட்டு நிக்கட்டும் போ" என்றார். அப்பா அப்போது அத்தையிடம் அப்படித்தான் பேசுவார். இதையும் நான் எழுதி வைக்க வேண்டும்.

ஊரில் ஒவ்வொருவரிடமும் அத்தை தானே போய்க் கேட்டார். சம்மதம் இல்லாமல் ஒருவரிடமும் அச்சு எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வாசலில் கூட்டம் சேரும். லூர்துசாமி பெரியப்பாவுக்கு மூன்றே பல். "மூணு பல்லுக்கு மூணு கலர் அடிச்சா போதும். உனக்குச் செலவு கம்மிம்மா" என்றார். பக்கத்துக் கொல்லை முனியம்மாக்கா அச்சு மாவை வாயில் வைத்துக்கொண்டு அரை நிமிடம் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். "இவ இம்மாம் நேரம் வாயமூடி நான் பாத்ததே இல்ல. அந்த மாவு எங்க கெடைக்கும்?" என்று அவர்கள் வீட்டுக்காரர் கேட்டார். மாவை எடுத்ததும் முனியம்மாக்கா முதல் வேலையாக அவரைத் திட்டினார்கள்.

பதினோராவது ஆள் நான். அத்தை கேட்டபோது என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. முகத்தின் கீழ்ப்பாதிக்கு அச்சு எடுத்தார், பல்லுக்குத் தனியாக எடுத்தார். இரண்டு நாள் கழித்து என் பல்லைத் தீட்டிக் கையில் கொடுத்தார். ஒரு கோடு விடவில்லை. கண்ணாடியில்கூட நான் அவ்வளவு நேரம் என் பல்லைப் பார்த்ததில்லை. அது வண்டிப் பாதையில் நிற்கும், பள்ளிக்குப் போகிற எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைத்ததும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை அத்தை வேலைக்குப் போயிருந்தார். அன்று வாய்களை வார்த்து வைக்கும் வேலை எனக்கும் கொத்தனார் அண்ணனுக்கும். பதினோராம் தூணின் முறை வந்தபோது நான் வீட்டுக்கு ஓடிப் போய், என் பல்லைக் குப்பைக் குழியில் வீசினேன். கல்லில் பட்டு உடைந்த சத்தம் கேட்டது. அட்டைப் பெட்டியைத் திறந்து அக்காவின் பல்லை எடுத்துக்கொண்டேன். என் உதட்டுக்கும் என் தாடைக்கும் நடுவில் அக்காவின் பல்லைப் பதித்தேன். அக்காவுக்குத்தான் இப்போது வெள்ளைப் பல் இருக்கிறதே, அவளை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் பல்லைத்தான் யாரும் பார்க்கக் கூடாது. நான் நினைத்தது அவ்வளவுதான். அப்புறம் பல் தெரியாத அளவுக்கு மண்ணை நிரப்பி அழுத்தினேன்.

மறுநாள் அத்தை வந்து ஒவ்வொரு தூணாகப் பார்த்தார். பதினொன்றில் நின்று, "மண்ண இப்பிடி அழுத்திட்டியே பாப்பா. வேரு மூச்சு விட வேணாமா?" என்றார். ஆனால் கிளறவில்லை. ராகியைத் தூவினார். ஒரு வாரத்தில் பதினாறு வாயிலும் பச்சையாக முளைத்தது. பஸ்ஸில் போகிறவர்கள்கூட இறங்கி வந்து பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் வாயைத் தாங்களே ஆள் கூட்டி வந்து காட்டினார்கள். லூர்துசாமி பெரியப்பா தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து தன் வாய்க்கு ஊற்றினார். இருபத்தைந்து நாள், எங்கள் ஊரில் யாரும் சிரிக்கும்போது வாயைப் பொத்தவில்லை. என்னைத் தவிர.

அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. பாதை சேறாகிவிட்டதால் கார் கொல்லை ஓரமாகவே நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, வாயில் பயிர் நிற்பதைப் பார்த்து ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டே நடந்தார்கள். நான்தான் அவர்களுக்குக் குடை பிடித்தேன். பதினோராம் தூணில் மண் கரைந்து போயிருந்தது. பல் வெளியே தெரிந்தது. இடது பக்கம் தெத்துப்பல்.

அவர்கள் தூணையும் கைபேசியில் இருந்த அக்காவின் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அம்மாவிடம் கேட்டார்கள்.

"பொண்ணுக்கு முன்பல்லு சொந்தப் பல்லுங்களா?"

அக்கா காப்பித் தட்டோடு நின்றாள்.

"கறை இருந்தா என்னாங்க, தண்ணியால வர்றதுதான. எங்க சொந்தத்துலயே இருக்குது. சொல்லியிருக்கலாமில்ல. பல்லையே மறைக்கிறவங்க வேற என்னா என்னா மறைச்சிருப்பீங்க?" அவர்கள் எழுந்துவிட்டார்கள். அம்மா தண்ணீராவது குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். "தண்ணி வேணாங்க" என்றார்கள்.

கார் போனதும் அப்பா கொல்லைக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். அப்பா பதினோராம் தூணைக் காட்டி, "இது யாரு வாயி?" என்று கேட்டார்.

அத்தை கிட்டே போய் அந்தத் தெத்துப்பல்லின் மேல் கட்டைவிரலை வைத்தார். தான் செய்த பல்லை ரயிலில் எட்ட இருந்தே கண்டுபிடிப்பவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? விரலை எடுக்காமல் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் கால் விரல்களுக்கு நடுவில் சேறு பிதுங்கியிருந்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

"நான்தான் வெச்சன் ண்ணா. என் தப்பு" என்றார் அத்தை.

"எம் பொண்ணு வாயக் கொண்டாந்து ஊர் பாக்க மாட்டி வெச்சிட்டியே" என்றார் அப்பா. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அக்கா மட்டும் கேட்டாள். "அத்தே, உங்ககிட்ட மட்டும்தான நான் வாயத் தொறந்தன்."

அத்தை அப்போதுதான் தெத்துப்பல்லிலிருந்து விரலை எடுத்தார். அப்போதும் நான் சொல்லியிருக்கலாம். அப்பா, அத்தை, அக்கா மூன்று பேரும் என் பக்கத்தில்தான் நின்றார்கள்.

அப்பா கடப்பாறையை எடுத்து வந்து பதினாறையும் உடைத்தார். லூர்துசாமி பெரியப்பா ஓடி வந்து, "எம்புள்ளே, என்னுத மட்டும் உட்டுடுப்பா" என்று கெஞ்சினார். அப்பா அதையும் உடைத்தார். அன்றைக்குச் சாயங்கால ரயிலிலேயே அத்தை ஒரு பையோடு சேலம் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் உயிரோடு எங்கள் ஊருக்கு வரவில்லை.

தோழியின் கைபேசியிலிருந்து ஒரே ஒரு தடவை அத்தையிடம் பேசினேன். "அத்தே, நான்தான்" என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"பரீட்சை எப்போ பாப்பா? நல்லா எழுது. அத இப்ப பேசாத. உங்கப்பன் கோவத்த நீ தாங்க மாட்ட. எனக்குப் பழகிடுச்சு." அப்புறம் சொன்னார். "ஒண்ணு மட்டும் செய். ரோஸ்லினுக்கு அந்தக் கேப்புல எது ஆடுனாலும் எனக்குச் சொல்லு. உட்டா கீழ இருக்கற பல்லு கெட்டுரும். நான் யார் மூலமாவது ஒட்டித் தர ஏற்பாடு பண்றன். ஆடுதா?"

"தெரியல அத்தே. பாத்துச் சொல்றன்" என்றேன்.

போன மாதம் அக்காவின் கேப் ஒன்று ஆட ஆரம்பித்தது. அவள் நாக்கால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதை நான் பார்த்தேன். அத்தைக்குச் சொன்னால் அவரோடு நான் பேசியது வீட்டில் தெரிந்துவிடும். அப்புறம் எல்லாம் தெரிந்துவிடும். சொல்லவில்லை. அந்த நேரத்தில் அத்தை காய்ச்சலோடு தனியாகப் படுத்திருந்தார். நான் கூப்பிட்டிருந்தால் குரலைக் கேட்டாவது தெரிந்திருக்கும்.

உடல் ஊருக்கு வந்தது. பங்குச் சாமியார் செபம் சொன்னார். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அப்பாவும் போட்டார். அக்கா வீட்டைவிட்டே வரவில்லை. கல்லறையில் நின்றுகொண்டு நான் இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மண் மூடிவிட்டது.

போன வாரம் சாந்தி அக்கா அத்தையின் பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு ரயிலில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்கள். அப்பா அதைத் திறக்காமல் மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டார். நான் திறந்தேன். இரண்டு புடவை, ஒரு ஜெபமாலை, தூரிகைகள், அந்த நிறப்பட்டையில் பழையது ஒன்று. அடியில் நாள்காட்டித் தாளில் சுற்றி ஒரு பல் வரிசை இருந்தது. அது என்னுடையது.

குப்பைக் குழியில் நான் வீசியது. மூன்று துண்டாக உடைந்து கிடந்ததை ஒட்டியிருக்கிறார். உற்றுப் பார்த்தால்தான் ஒட்டு தெரிகிறது. உடைந்த இடத்தில் அழிந்த கோடுகளை மறுபடி தீட்டியிருக்கிறார். அடியில் பென்சிலால் 11 என்று எழுதியிருந்தது. முதலிலேயே அதைக் கண்டெடுத்துத் தெரிந்துதான் பேசாமல் இருந்தாரா, இல்லை அந்தச் சாயங்காலம் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் குழியில் தேடி எடுத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

நேற்று பள்ளி விட்டதும் கொல்லைக்குப் போனேன். ராகி அறுத்தாகிவிட்டது. தூண்களின் உச்சியில் சிமெண்ட் ஒட்டிய கம்பிகள் மட்டும் துருப்பிடித்து நிற்கின்றன. பதினோராம் தூணின் மேல் என் பல்லை வைத்தேன். எல்லோரும் பார்க்கட்டும், அப்பா கேட்கட்டும், சொல்லிவிடலாம் என்று நின்றேன். பாதையில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். "இங்க என்னா பண்ற?" என்றார். "சும்மாப்பா" என்றேன்.

அத்தையைப் பற்றி நல்லதாக நான்கு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். இதை எழுதாமல் எதை எழுதினாலும் அது பொய்யாக இருக்கும். பிலோமினா அத்தை யாருடைய ரகசியத்தையும் வெளியே வைக்கவில்லை. அவர் காத்து வைத்த கடைசி ரகசியம் என்னுடையது. இதைச் சாந்தி அக்காவுக்குப் போட வேண்டிய அஞ்சல் பெட்டி பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிறது. காலையில் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். இத்தனை நாளும் நான் செய்ததைப் பார்த்தால், நாளைக்கும் தாண்டிப் போய்விடுவேன் என்றுதான் தோன்றுகிறது. ஒருவேளை நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அக்காவும் படித்திருப்பாள். இந்நேரம் எங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அத்தை, அன்றைக்கு நீங்கள் ஆடுதா என்று கேட்டீர்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஆடியது. நீங்கள் போன நான்காம் நாள் சாப்பிடும்போது களியோடு விழுந்துவிட்டது. அக்கா அதைக் கழுவித் தாளில் மடித்து வைத்திருக்கிறாள். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடுகிறாள். ஒட்டித் தர ஆள் இல்லை.

போய் வாருங்கள், அத்தை.